‘ஈசிஜி நார்மல்தான், ஆளுதான் நார்மலா இல்ல’

கேள்வி: எனக்கு வயது 46. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால்தான் மூன்று மணிக்குக் கடையில் இருக்க முடியும். நாலைந்து வருடமாகக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இறுக்கிப் பிடித்த மாதிரி வலி, படபடப்பு, வயிற்றெரிச்சல். ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். பி.பி. மட்டும் 150/100. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “ஒண்ணுமில்ல, டென்ஷன்தான், குறைச்சுக்கோங்க” என்றார். எப்படிக் குறைப்பது என்று சொல்லவில்லை. ஈசிஜி நார்மல்தான், ஆளுதான் நார்மலா இல்ல. பி.பி. மாத்திரையைத் தலை சுற்றுகிற நாளில் மட்டும் போடுகிறேன். விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் வெளியில் நிற்கிறது. அதைச் சமாளிக்க அஞ்சு வட்டிக்குக் கடன் வாங்கியது வீட்டில் தெரியாது. ராத்திரி தூக்கம் வரக் கொஞ்சம் குடிப்பேன். வலிக்கு மெடிக்கலில் மாத்திரை. முன்பெல்லாம் கடையில் சிரித்துப் பேசுகிற ஆள் நான். இப்போது யாராவது தராசில் பூவைக் கொஞ்சம் சிந்தினாலே கத்துகிறேன். போன மாதம் பிளஸ் டூ படிக்கிற பையனைக் கை நீட்டிவிட்டேன். சில நாள் பைக்கில் போகும்போது எதிரே வருகிற லாரி இடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. இது டென்ஷன்தானா, வேறு ஏதாவதா? யோகா கிளாஸ் போனால் சரியாகுமா?

(ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒரு வாசகர்)

பதில்: வணக்கம். நீங்கள் கேட்டது டென்ஷனைப் பற்றி. நான் அந்த லாரியிலிருந்து தொடங்குகிறேன்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொன்னதுபோல ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும். சாகத் தோன்றுகிறது என்று நேராகச் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ‘தூங்கினவன் அப்படியே போயிட்டா நல்லாருக்கும்’, ‘ஏதாவது வண்டி இடிச்சா நல்லாருக்கும்’ என்று வேறொன்றின் மேல் ஏற்றித்தான் சொல்வார்கள். கேட்கிற எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இப்படித் தோன்றுகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையில் தெளிந்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த மாத முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

இதைப் படித்த இன்றைக்கே 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கடை சாத்திவிட்டு வந்து உட்கார்கிற நேரத்தில் பேசினாலும் சரி, விடியற்காலை இரண்டு மணிக்குப் பேசினாலும் சரி. இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். செலவு யோசனையாக இருந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை பைக்கை வீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர் வண்டியிலோ பூ ஏற்றிவரும் வேனிலோ போங்கள். லாரி இடிக்கட்டும் என்ற நினைப்பு, ‘நானே வண்டியைத் திருப்பிவிடலாமா’ என்று மாறினால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ராத்திரியா பகலா என்று பார்க்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

‘ஒண்ணுமில்ல’ என்று அந்த டாக்டர் சொன்னதன் பொருள், இதயத்தில் இப்போதைக்குக் கோளாறு தெரியவில்லை என்பது. உங்கள் காதில் அது, ‘உனக்கு வலியே இல்லை, நீயாக நினைத்துக்கொள்கிறாய்’ என்று விழுந்திருக்கிறது. கோபம் நியாயமானதுதான். 150/100 என்பது ‘ஒண்ணுமில்லை’ கிடையாது. கழுத்து வலியும் கற்பனை கிடையாது. ஆபத்து என்று மூளை நினைத்தால் சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு உத்தரவு போகும். அட்ரினலின் உடனே பாயும், பின்னாலேயே கார்டிசால் ஏறும். நாடி வேகமெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை கூடும், தோளும் தாடையும் இறுகும், வயிறு தன் வேலையை ஒத்திப்போடும். துரத்துகிற மாட்டிடமிருந்து தப்பிக்க இது அருமையான ஏற்பாடு. மாடு போனதும் எல்லாம் அரைமணி, ஒருமணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் மாடு போகவே இல்லை. தொட்டி நிறைந்த பிறகும் நிறுத்த ஆளில்லாமல் ஓடுகிற மோட்டார் மாதிரி, நாலைந்து வருடமாக உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பி.பி. ஏறியதற்கும், சின்ன விஷயத்துக்குக் கத்துவதற்கும், ஆழ்ந்த தூக்கம் இல்லாததற்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் எல்லாப் பழியையும் டென்ஷன் மேல் போட்டுவிட எனக்குச் சம்மதம் இல்லை. இது எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய அநியாயங்களில் ஒன்று. வயிற்றுப்புண் என்றாலே கவலைதான் காரணம் என்று பல காலம் மருத்துவ உலகமே நம்பியது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான வயிற்றுப்புண்ணுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதனால் உங்கள் வயிற்றெரிச்சலைத் தனியாக ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கு முன் இன்னொன்று: வலிக்கு மெடிக்கலில் வாங்குகிற மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கடையில் கேட்டால் கொடுக்கிற வலி மாத்திரைகளில் பல, டைக்ளோஃபினாக் போன்ற வகையைச் சேர்ந்தவை. வெறும் வயிற்றில் டீயோடு போட்டால் இரைப்பையை அரிக்கும். தொடர்ந்து போட்டால் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுத்து வலிக்குப் போடுகிற மாத்திரையே வயிற்றெரிச்சலுக்கும் பி.பி.க்கும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை இன்றோடு நிறுத்துங்கள். பி.பி. மாத்திரை நேர் எதிர். தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் தினமும் அதே நேரத்தில். தலைசுற்றலை வைத்து பி.பி.யைக் கணக்கிட முடியாது. 180 இருக்கும்போதும் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மாத்திரை வாங்கப் போய்வர நேரமில்லை என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் உங்கள் தெருவுக்கு எப்போது வருகிறார்கள் என்று விசாரியுங்கள். 2021 முதல் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள்.

அடுத்தது அந்தக் ‘கொஞ்சம்’. நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. பெரும்பாலும் ஒரு குவார்ட்டரில் போய் நிற்கும். நீங்களும் அப்படி என்று வைத்துக்கொள்கிறேன், குறைவாக இருந்தால் சந்தோஷம். 180 மி.லி. பிராந்தியை ராத்திரி பத்து மணிக்குக் குடித்துவிட்டு இரண்டரைக்கு வண்டி எடுக்கும்போது சரக்கு முழுதாக இறங்கியிருக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் வேகம் கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது சட்டம் வைத்திருக்கும் எல்லை. அந்த நேரத்தில் நீங்கள் அதற்கு மேல்தான் இருப்பீர்கள். தூக்கத்துக்காகக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மது ஆளைச் சாய்க்கும், ஆனால் தூங்கவைக்காது. ரத்தத்தில் அது இறங்க இறங்கத் தூக்கம் துண்டு துண்டாகும், படபடப்பு கூடும், மனச்சோர்வும் கூடும். உங்களுக்கோ இருக்கிறதே நாலு மணி நேரத் தூக்கம்.

இதைப் படித்த வேகத்தில் இன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, குழப்பம் எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். எந்த மருத்துவரைப் பார்க்கிறீர்களோ அவரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

சரி, அடிப்படைக் காரணத்துக்கு வருவோம். 1970 வாக்கில் அமெரிக்காவில் ஜே வைஸ் என்பவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்சார அதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும். மற்றதற்கும் ஒலி கேட்கும், ஆனால் அதிர்ச்சிக்கும் ஒலிக்கும் சம்பந்தம் இருக்காது. வலி சமம்தான். ஆனால் எப்போது வரும் என்று தெரியாத எலிக்கு இரைப்பையில் புண் பல மடங்கு அதிகம். முன்னறிவிப்பு கிடைத்த எலி, ஒலி இல்லாத நேரத்தில் ஓய்வாக இருந்திருக்கிறது. மற்றதற்கு ஓய்வான நேரம் என்று ஒன்றே இல்லை.

உங்கள் தொழில் அந்த இரண்டாவது எலியின் கூண்டு. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். கோடையில் வரத்து குவிந்தால் சென்ட் ஃபேக்டரிக்காரன் கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டும். ஒரே நாளில் நாலு மணிக்கு ஒரு விலை, ஏழு மணிக்கு ஒரு விலை. மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும், அதற்குள் விற்றாக வேண்டும். இதை நீங்களோ நானோ மாற்ற முடியாது. அப்பாவும் இதே மார்க்கெட்டில்தான் இருந்தார், அவர் சிரித்துக்கொண்டே இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய கணக்குகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் எனக்குப் படுவது இதுதான்: விலை நிச்சயமில்லாதது போதாது என்று, நிச்சயமாக வைத்துக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் நீங்கள் நிச்சயமில்லாமல் விட்டிருக்கிறீர்கள். எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது, வட்டிக்காரன் எப்போது போன் பண்ணுவான், மனைவிக்கு எப்போது தெரியவரும் என்று எதற்கும் நேரமும் இல்லை, முடிவும் இல்லை. டென்ஷனைக் குறை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே, இவற்றில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை முடிவு தெரிந்த விஷயமாக மாற்றுவதுதான் அது.

தூக்கத்திலிருந்து தொடங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுகிறவர் பத்து மணிக்குப் படுக்கக் கூடாது, எட்டரைக்குப் படுக்க வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது சாயங்கால வசூல் அலைச்சல். அதைப் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள் முடித்துவிடுங்கள். ஆறுக்கு மேல் பாக்கி கேட்பதும் கிடையாது, பாக்கிக்குப் பதில் சொல்வதும் கிடையாது. இதை மார்க்கெட்டில் நாலு பேருக்குத் தெரிகிறபடி சொல்லிவிட்டால், முதல் பத்து நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். மதியம் சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டரை வரை இன்னொரு தூக்கம். அப்போது போன் அடுத்த அறையில் இருக்க வேண்டும், தலைமாட்டில் வேண்டாம். ராத்திரி வேலை செய்கிறவர்களுக்கு மதியத் தூக்கம் சோம்பல் இல்லை, கணக்கில் சேர்கிற தூக்கம். இரண்டும் சேர்ந்தால் ஆறரை, ஏழு மணி நேரம் வரும். டீயை மதியம் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போலாகும்.

இப்போது கடன். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் மருத்துவன், ஆடிட்டர் இல்லை. ஆனால் கடனை விட்டுவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது உங்களை ஏமாற்றுவது. அஞ்சு வட்டி என்றால் நூறுக்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். எந்தக் கமிஷனில் அது வரும்? ஒரு நோட்டில் இடது பக்கம் வர வேண்டியது, வலது பக்கம் கொடுக்க வேண்டியது என்று ஆள் பெயரோடு எழுதுங்கள். சிட்டை சிட்டையாகச் சட்டைப்பையில் கிடந்தால் கடன் மலையாகத்தான் தெரியும். எழுதிப் பார்த்தவர்களில் சிலருக்கு நினைத்ததைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. சிலருக்குக் கூடுதலாகவும் இருந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கூடுதலாக இருந்தவர்களுக்கும் அன்று ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது. வரவே வராது என்று தெரிந்த முன்பணத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதைத் துரத்துகிற அலைச்சலுக்கு ஆகிற பெட்ரோலும் உங்கள் கழுத்தும் தனிச் செலவு. வட்டிக்காரர் மிரட்டினால், 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, போலீசில் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

அந்த நோட்டை உங்கள் மனைவியிடம் காட்ட வேண்டும். நகையை வங்கியில் வைத்து அஞ்சு வட்டிக் கடனை அடைக்கலாம் என்ற யோசனை உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கும். நல்ல யோசனைதான், வங்கி வட்டி இதைவிட மிகவும் குறைவு. ஆனால் நகை அவருடையது. தவிரவும், வீட்டில் ஒவ்வொரு போன் மணிக்கும் வாசலுக்கு எழுந்து போய்ப் பேசுவது, கேட்டால் ‘யாவார விஷயம்’ என்று சொல்வது, சொன்ன பொய்யை நினைவு வைத்துக்கொள்வது, இதெல்லாம் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை. கடையிலிருந்து வந்த பிறகும் நீங்கள் ட்யூட்டியில்தான் இருக்கிறீர்கள். திட்டு விழும், அழுகை வரும், இரண்டு நாள் பேச்சு இருக்காது. அதற்கு ஒரு முடிவு உண்டு. மறைப்பதற்கு முடிவே கிடையாது. தனியாகச் சொல்லத் தைரியம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்கும்போது அவர் முன்னாலேயே சொல்லுங்கள். நாங்கள் அதற்குப் பழகியவர்கள்.

பையன் விஷயத்தில் நீட்டி முழக்க வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள். “அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் பார்க்கப் போறேன், அடிச்சது என் தப்பு” என்று சொன்னால் போதும். அதோடு ‘ஆனா நீயும் படிக்காம’ என்று ஒரு வாலைச் சேர்க்காதீர்கள்.

யோகா கிளாஸ்? போகலாம், கெடுதல் இல்லை. ஆனால் காலை ஐந்தரை வகுப்புக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள்? தராசுக்கு முன்னால் நிற்கிற நேரம் அது. அதற்குப் பதில் சாயங்காலம் ஆறு மணிக்கு வசூல் முடிந்ததும் நரசிங்கம் கோயில் வழியாக யானைமலை அடிவாரத்தில் அரைமணி நேரம் நடங்கள். நடை பி.பி.யையும் கொஞ்சம் இறக்கும், தூக்கத்தையும் கொண்டுவரும். மூச்சுப்பயிற்சி ஒன்று சொல்கிறேன், அதற்குக் கிளாஸ் வேண்டாம். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது நாடி இறங்கும், அது உடம்பின் ஏற்பாடு. மதியம் படுக்கும்போது பத்து நிமிடம் செய்யுங்கள். கடையில் கோபம் தலைக்கேறும்போது ஐந்து மூச்சு. இதனால் கடன் குறையாது, கத்துவது குறையும்.

‘இது டென்ஷன்தானா, வேறு ஏதாவதா’ என்ற கேள்விக்கு என் பதில்: டென்ஷனில் ஆரம்பித்திருக்கிறது, இப்போது மனச்சோர்வு நோய்க்குள் காலை வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். சிரித்துப் பேசுகிறவர் மாறிப்போனதும், அந்த லாரியும்தான் காரணம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. மருத்துவரும் அப்படியே நினைத்து மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை தூக்க மாத்திரை இல்லை, அடிமையாக்குகிற வகையும் இல்லை. வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துவதும், ஆறாம் வாரம் ‘நல்லாயிட்டேன்’ என்று நிறுத்துவதும் கூடாது. நண்பர் கொடுத்தார், மெடிக்கலில் கொடுத்தார்கள் என்று தூக்க மாத்திரை போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, நீங்கள் போடுகிற எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று டாக்டர் கேட்பார். பி.பி. இறங்காமல் இருப்பதற்கும், எழும்போதே அசதியாக இருப்பதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது, உங்கள் மனைவியால்தான் முடியும்.